முதல் ஸ்போர்ட்ஸ் கார்: எஞ்சினை மாற்றலாமா, இருப்பதையே தேற்றலாமா?

2 மார்ச் 2024, வாசகர் கேள்வி

அண்ணா, லெஸ்டரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வாங்கினேன். சிவப்பு, 1.6 லிட்டர், ஐந்து கியர். இதுதான் என் முதல் ஸ்போர்ட்ஸ் கார். வளைவில் ஆசையாக இருக்கிறது, மோட்டார்வேயில் டீசல் வேன்கூட முந்திப் போகிறது. ஹோண்டா கே20 எஞ்சின் போட்டால் 200 குதிரைத்திறன் கிடைக்கும் என்கிறார்கள். சிலர் டர்போ போடு என்கிறார்கள். விலை ஏறிக்கொண்டே போகிற கார், எதையும் தொடாதே என்று ஒருவர் சொல்கிறார். கொஞ்சம் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். எதில் போடலாம்?

2 மார்ச், இரவு

இப்போதைக்கு எதையும் ஆர்டர் செய்யாதீர்கள் தம்பி. முதலில் காரை லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள். மற்றதை நாளை விரிவாக எழுதுகிறேன்.

3 மார்ச்

நானும் அதே 1.6தான் வைத்திருக்கிறேன், பல வருடங்களாக. அதனால் பொதுவாகப் பேசாமல் இந்தக் காரைப் பற்றியே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் எம்எக்ஸ்-5 சாவது எஞ்சினால் இல்லை, துருவால். கதவுக்குக் கீழே ஓடுகிற சில், அதிலும் பின் சக்கரத்துக்கு முன்னால் முடிகிற பகுதி, இதுதான் முதலில் போகும். துணிக்கூரையில் விழும் மழைநீர் இறங்குவதற்கு இரண்டு பக்கமும் வடிகுழாய் உண்டு. அதில் இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். வெளியிலிருந்து குளிர்காலச் சாலை உப்பு, உள்ளிருந்து தேங்கிய நீர். பெயிண்ட் பளபளப்பாகத் தெரியும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும்.

சீட் பெல்ட் மாட்டுகிற இடம், சஸ்பென்ஷன் மாட்டுகிற இடம், இவற்றிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் பலமான துரு இருந்தால் எம்ஓடி (வருடாந்தர வாகனப் பரிசோதனைச் சான்று) கிடைக்காது. மேலே பட்டி போட்டு மூடிய சில்லைப் பல கார்களில் பார்த்திருக்கிறேன். சரியாக வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய ஆகும் செலவு சின்னது இல்லை. சேர்த்து வைத்த காசின் முதல் பங்கு அதற்குத்தான். கூடு பலமாக இல்லாமல் 200 குதிரையை உள்ளே வைத்து என்ன பயன்?

வடிகுழாயைச் சுத்தம் செய்ய கெட்டியான கம்பியை விடாதீர்கள், கீழே ரப்பர் கிழிந்துவிடும். வளைந்து கொடுக்கிற நைலான் கம்பி போதும்.

5 மார்ச்

"மெதுவாக இருக்கிறது" என்கிற புகாருக்கு வருகிறேன்.

உங்கள் எஞ்சின் பி6. 1,597 சிசி, இரட்டை கேம்ஷாஃப்ட், 16 வால்வு. சுமார் 115 குதிரைத்திறன், அதுவும் 6,500 ஆர்பிஎம்மில். டார்க் (முறுக்கு விசை) 136 நியூட்டன் மீட்டர், அதன் உச்சம் 5,500இல். அதாவது 3,000இல் கியர் மாற்றி ஓட்டினால் காரின் பாதியைத்தான் பார்க்கிறீர்கள். மோட்டார்வேயில் ஐந்தாம் கியரில் மிதித்துவிட்டுக் காத்திருந்தால் வேன் முந்தத்தான் செய்யும். மூன்றாம் கியருக்கு இறக்குங்கள். சூடான எஞ்சினை 7,000 வரை கொண்டுபோக பயம் வேண்டாம், அதற்காகவே கட்டியது. டைமிங் பெல்ட் அறுந்தால்கூட இந்த 1.6இல் வால்வும் பிஸ்டனும் மோதாது. அதற்காக பெல்ட்டை 60,000 மைலுக்கு மேல் விட்டு வைக்க வேண்டாம்.

கார் சுமார் 950 கிலோதான். இன்றைய சின்ன ஹேட்ச்பேக்குகளே இதைவிடக் கனம். 1989இல் ஹிரோஷிமாவிலிருந்து வந்தபோது இதன் தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராய் எடைக்குத்தான் அதிகம் போராடினார், குதிரைத்திறனுக்கு இல்லை. நான்கு பக்கமும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். கியர்பாக்ஸையும் பின் டிஃப்ரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் பிணைத்திருக்கும், ஆக்ஸிலரேட்டர் மிதித்தவுடன் பின்சக்கரம் தயங்காமல் பதில் சொல்வது அதனால்தான். அந்தச் சட்டத்தை நினைவில் வையுங்கள், எஞ்சின் மாற்றுகிற பேச்சில் திரும்ப வரும்.

இன்னொன்று. 1990களின் நடுவில் இங்கே விற்ற 1.6இல் திறனை 90 குதிரைக்குக் குறைத்துவிட்டார்கள். உங்களுடையது 1991, அந்தப் பிரச்சினை இல்லை. அப்படியும் சொதசொதவென்று இருந்தால் எஞ்சினில் ஏதோ கோளாறு. கம்ப்ரெஷன் பாருங்கள், டைமிங் பாருங்கள்.

6 மார்ச்

நேற்று இதைச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். 1991 நடுவரை வந்த 1.6 எஞ்சின்களில் கிராங்க்ஷாஃப்ட்டின் முன்மூக்கு குட்டையானது. டைமிங் பெல்ட் மாற்றும்போது முன் போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்காமல் விட்டால், நாளடைவில் சாவிப்பள்ளம் (கப்பியைப் பிடித்து நிறுத்தும் சாவி உட்காரும் பள்ளம்) தேய்ந்து கப்பி ஆடத் தொடங்கும். டைமிங் பின்னுக்குப் போகும், இழுவை குறையும். ஓட்டுகிறவருக்கு "என்னமோ மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் தெரியும்.

கண்டுபிடிப்பது எளிது. கிராங்க் கப்பியின் நடுவில் தெரிகிற வெட்டுகளை எண்ணுங்கள். நான்கு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீளமானது. நான்கு என்றாலே எஞ்சின் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஒழுங்காக இறுக்கிய குட்டை மூக்கு எஞ்சின்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. என்னுடையதும் நான்குதான்.

10 மார்ச்

கே20 பற்றி இங்கே இரண்டு பேர் ஆர்வமாக எழுதியிருக்கிறார்கள். எஞ்சின் அருமையானது, அதில் மறுப்பே இல்லை. 2001 முதல் 2005 வரை ஸ்விண்டனில் கட்டிய ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரில் இருந்தது. 1,998 சிசி, 200 குதிரை, அதுவும் 7,400 ஆர்பிஎம்மில். மாஸ்டாவின் பி6இல் பிளாக் இரும்பு, கே20இல் அலுமினியம். அதனால் பெரிய எஞ்சின் வைத்தாலும் மூக்கு கனக்காது. இதனாலேயே எட்டு சிலிண்டர் வி8 வைப்பதைவிட இது இந்தக் காருக்குப் பொருந்துகிறது.

ஆனால் "எஞ்சின் போட்டால்" என்று ஒரு வார்த்தையில் சொல்கிறார்கள் பாருங்கள், அதற்குள் என்னென்ன இருக்கிறது தெரியுமா? டைப் ஆரில் அது குறுக்கே படுத்து முன்சக்கரத்தை ஓட்டிய எஞ்சின். இங்கே நெடுக்கே நின்று பின்சக்கரத்தை ஓட்ட வேண்டும். அடியில் இருக்கும் ஆயில் சம்ப் முன் சட்டத்தில் இடிக்கும், வேறு சம்ப் வேண்டும். மவுண்ட் வேறு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு புதிதாக. மாஸ்டா கியர்பாக்ஸை வைத்துக்கொண்டால் நடுவில் அடாப்டர் தட்டும் அதற்கேற்ற ஃப்ளைவீலும் வேண்டும். கியர்பாக்ஸையும் மாற்றினால், முன்பு சொன்ன அலுமினியச் சட்டம் எதில் மாட்டும்? அதற்கும் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும். கம்ப்யூட்டர், வயரிங், பெட்ரோல் லைன், ரேடியேட்டர் குழாய், ஸ்பீடோமீட்டர். இது முடிந்த பிறகு பின்னால் இருக்கும் 6 அங்குல டிஃப்ரன்ஷியல், சுருக்கமாக டிஃப், உடையும். 1.6 கார்களுக்குக் கொடுத்தது அந்தச் சின்ன டிஃப்தான். 1.8 வந்தபோது மாஸ்டாவே 7 அங்குலமாக்கியது. அப்புறம் பிரேக். 1.6இன் முன் டிஸ்க் 235 மில்லிமீட்டர், 1.8இன் டிஸ்க் 255.

கிட் வாங்கினால் இதில் நிறைய தீரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிட் விலை இணையத்தில் தெரியும். கிட்டுக்கு வெளியே வாங்குகிற கிளாம்ப், ஹோஸ், ஃபிட்டிங், வெல்டிங், டைனோ (திறன் அளக்கும் இயந்திரம்) நேரம் ஆகியவற்றின் விலை எங்கும் தெரியாது. என் நண்பர் ஒருவர் கே20 போட்டார். காரின் விலையைப்போல இரண்டு மடங்கு அதில் போயிற்று. அதைவிட வலித்தது, இரண்டு கோடைக்காலம் அந்தக் கார் ஜாக் ஸ்டாண்டில் நின்றது.

முதல் ஸ்போர்ட்ஸ் காருக்கு இதை நான் எதிர்ப்பது அந்த ஒரு காரணத்துக்காகத்தான். இப்போது உங்களுக்கு வேண்டியது ஓட்டுகிற நேரம். பின்சக்கர வண்டியை ஈரத்தில் எப்படிப் பிடிப்பது, வளைவுக்கு முன்னால் எவ்வளவு பிரேக் போடுவது, ஸ்டியரிங் எப்போது லேசாகிறது, இதையெல்லாம் கராஜில் கற்க முடியாது.

11 மார்ச்

காகித வேலையைக் கேட்டார் ஒருவர். சுருக்கமாக.

எஞ்சின் மாறினால் வி5சி பதிவுச் சீட்டில் எண்ணையும் சிசியையும் திருத்த டிவிஎல்ஏவுக்கு (வாகனப் பதிவு அலுவலகம்) எழுத வேண்டும். எஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சாலை வரி மாறாது. 2001 மார்ச்சுக்கு முன் பதிவான கார்களுக்கு 1,549 சிசிக்கு மேல், கீழ் என்று இரண்டே வகை. 1.6, 1.8, 2.0 எல்லாம் ஒரே வகைதான்.

மோனோகாக் கூட்டை (தனிச் சட்டம் இல்லாமல் உடலே காரைத் தாங்கும் கூடு) வெட்டாதீர்கள். அதிகம் மாற்றிய கார்களுக்கு டிவிஎல்ஏ தனி விதி வைத்திருக்கிறது.    எஞ்சினுக்கு இடம் வேண்டும் என்று கூட்டை வெட்டினால் பதிவில் சிக்கல் வரும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எல்லாவற்றையும் சொல்லுங்கள். சக்கரம் மாற்றினால்கூட. சொல்லாமல் விட்ட ஒரு மாற்றத்தை வைத்துப் பணம் தர மறுக்க முடியும். வயது குறைவாக இருந்தால் எஞ்சின் மாற்றிய காருக்குக் கோட்டேஷன் கிடைப்பதே சிரமம். எஞ்சின் வாங்குவதற்கு முன் போன் செய்து கேட்டுவிடுங்கள், பின்னால் இல்லை.

17 மார்ச்

டர்போ. இது மாஸ்டாவே சம்மதித்த வழி. பிராக்லியில் இருக்கிற பிபிஆர் நிறுவனம் 1990இல் செய்த டர்போ கிட்டை இங்கே மாஸ்டா டீலர்களே பொருத்தி விற்றார்கள். 150 குதிரை. அதே பி6 எஞ்சினை 323 காரின் நான்கு சக்கரமும் இழுக்கிற டர்போ மாடலிலும் மாஸ்டா பயன்படுத்தியது. அதனால் மிதமான அழுத்தத்தை அடிப்பகுதி தாங்கும். 150 குதிரை, ஒரு டன்னுக்குக் குறைவான எடை என்றால் நீங்கள் சொன்ன டீசல் வேன் கண்ணாடியில் தெரியும்.

ஆனால் வெப்பம். இந்த எஞ்சின் குடும்பம் முன்சக்கர கார்களுக்காகப் பிறந்தது. நெடுக்கே திருப்பி வைத்தபோது தெர்மோஸ்டாட்டையும் தண்ணீர் வெளியேறும் வழியையும் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் முன்னாலேயே வந்து முன்னாலேயே திரும்பிப் போகிறது. கடைசி சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு. சாதாரணமாக ஓட்டும்போது தெரியாது. டர்போ வைத்து டிராக்கில் சுற்றினால் நான்காவது சிலிண்டர்தான் முதலில் கஷ்டப்படும். அதனால் தண்ணீரைப் பின்பக்கம் வழியாக வெளியேற்றும்படி குழாயை மாற்றிவிடுவார்கள். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலை பழுப்பாக மாறியிருந்தால் டர்போவுக்கு முன்னால் அதை மாற்றுங்கள். கருப்பாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பழுப்பானால் அது வெடிக்கத் தயாராகிறது.

டர்போவுக்குப் பிறகும் 6 அங்குல டிஃப்தான் பலவீனம். எந்த வழியில் போனாலும் அங்கேதான் வந்து நிற்கிறோம்.

24 மார்ச்

மறுபடி யோசித்துப் பார்த்தேன்.

நேற்று அந்த நண்பரின் கே20 காரை ஓட்டினேன். ஏ5 ரோட்டில் கொஞ்ச தூரம், அப்புறம் கிராமத்துச் சாலைகள். முன்பு அது தயாராகும் வழியில் ஓட்டியிருக்கிறேன். முழுதாக முடிந்த பிறகு இதுதான் முதல் தடவை. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அபாரம். 6,000க்கு மேல் அது எழும்புகிற விதம், அந்தச் சத்தம், கார் கனம் கூடாமலே வேகமாகியிருக்கிறது. கே20 காரைக் கெடுத்துவிடும் என்று சொல்பவர்கள் நன்றாகச் செய்த ஒன்றை ஓட்டியதில்லை.

ஆனாலும் என் பதில் மாறவில்லை, காரணம் மட்டும் கூர்மையானது. அந்தக் காரில் எனக்குப் பிடித்ததில் பாதி எஞ்சினால் வந்தது இல்லை. அவர் முதலில் எல்லா ரப்பர் புஷ்ஷையும் மாற்றினார், நல்ல ஷாக் அப்சார்பர் போட்டார், நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் செய்தார், சீட்டைத் தாழ்த்தினார். 30 வருடப் பழைய ரப்பரோடு ஓடும் உங்கள் கார், 1991இல் ஷோரூமிலிருந்து வந்த எம்எக்ஸ்-5ஆக இப்போது இல்லை. உங்களுக்குத் தெரிந்திருப்பது களைத்துப்போன கார். அதை வைத்து எஞ்சின் போதாது என்று முடிவு செய்வது அவசரம்.

வரிசையை இப்படி வைப்பேன்: துரு, டயர், பிரேக், புஷ், ஷாக், அலைன்மென்ட். டயர் என்றால் நல்ல கம்பெனி டயர், ஒரிஜினல் அளவு 185/60 ஆர்14. அகல டயர் வேண்டாம், இந்தத் திறனுக்கு அது காரை மந்தமாக்கும். அப்புறம் ஒரு கோடை முழுக்க ஓட்டம். பெட்ஃபோர்டிலோ காசில் கூம்பிலோ ஒரு டிராக் டே, பயிற்சியாளரோடு. சத்த வரம்பை முன்கூட்டியே பாருங்கள், ஓட்டை எக்ஸாஸ்ட்டோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகும் எஞ்சின் போதவில்லை என்று தோன்றினால், அந்தத் தோன்றலை நம்பலாம்.

25 மார்ச்

விலை ஏறுகிற கார், தொடாதே என்ற கருத்துக்கு. விற்கவே வாங்கினீர்களா? கழற்றியதைத் திரும்ப மாட்டும்படி வேலை செய்யுங்கள், பழைய பாகங்களை அட்டைப் பெட்டியில் எழுதி வையுங்கள், அது போதும்.

இதில் ஒரு விஷயம் மட்டும் கவனிக்கத்தக்கது. 40 வயதான கார் வரலாற்று வண்டியாகும், பெரிய மாற்றம் இல்லாவிட்டால் எம்ஓடியிலிருந்தும் விலக்கு. உங்கள் காருக்கு அது 2031. அதே மாடலுக்கு வந்த வேறு எஞ்சினைப் பெரிய மாற்றமாகக் கொள்வதில்லை. சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் சந்தேகம் வரும். மாஸ்டா 1.8 எந்தச் சிக்கலும் இல்லாத இடத்தில் இருக்கிறது. நான் ஹாரோவில் இருக்கிறேன். 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான தினக் கட்டணம்) லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் வந்துவிட்டதால், என் காரை வீட்டு வாசலிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. அந்தக் கட்டணம் நிற்கும் 40 வயதுக்குக் காத்திருப்பதில் எனக்கும் பங்கு உண்டு.

2 ஏப்ரல்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி, பழைய ஹோண்டா சிட்டி வைத்திருக்கிறேன், பெரிய எஞ்சின் போடலாமா என்று கேட்கிறார். அங்கே நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்சி புத்தக விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் அதை உறுதி செய்தது. சாலையில் ஓடுகிற வண்டியில் வேண்டாம். சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் புதிதாக்கி, செட்டிபாளையம் காரி டிராக்கிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஓட்டிப் பாருங்கள். காசுக்கு அதுதான் அதிக சந்தோஷம் தரும்.

14 ஏப்ரல்

கேள்வி கேட்ட தம்பி படங்கள் அனுப்பியிருக்கிறார். இடது சில் போயிருந்தது, வெட்டி வெல்டிங் முடிந்தது. கப்பியில் நான்கு வெட்டு. டைமிங் லைட் வைத்தால் குறி ஒரு இடத்தில் நிற்காமல் ஆடுகிறதாம். போல்ட்டைக் கழற்றிப் பார்த்ததில் சாவிப்பள்ளம் அகன்றிருக்கிறது.

அதுதான் தம்பி உங்கள் டீசல் வேன்.

இப்போது கேள்வி மாறிவிட்டது. பள்ளத்தை லாக்டைட் பசையால் நிரப்பி ஒட்டும் முறை ஒன்று உண்டு. தேய்மானம் லேசாக இருந்தால் நிறையப் பேருக்கு அது பல வருடம் நிற்கிறது. உங்கள் படத்தில் தெரிகிற அகலத்துக்கு நான் நம்ப மாட்டேன். எப்படியும் எஞ்சின் இறங்கப்போகிறது. இந்த நிலையில் எஞ்சின் மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை, ஆதரிக்கிறேன். ஆனால் மாஸ்டா 1.8.

காரணம் இதுதான். 1,839 சிசி, சுமார் 130 குதிரை, டார்க் 150 சொச்சம். உங்கள் கியர்பாக்ஸில் நேராக மாட்டும், அலுமினியச் சட்டத்தைத் தொட வேண்டாம். காரின் குணம் மாறாது, நடுவேகத்தில் இழுவை கூடும். ஒரு வார இறுதியில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் கோடைக்கு முன் முடியும்.

எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். துருப்பிடித்து எம்ஓடியில் விழுந்த 1.8 கார் முழுதாகத் தேடுங்கள். எஞ்சினோடு ஃப்ளைவீல், பெரிய கிளட்ச், 7 அங்குல டிஃப், அதன் அரைத்தண்டுகள், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், முன்னும் பின்னும் பிரேக், எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மிச்சத்தை விற்றால் பாதிக் காசு திரும்பும். அந்த டிஃப் டார்சன் வகையாக (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது) இருந்தால் கட்டாயம் விடாதீர்கள்.

15 ஏப்ரல்

வயரிங் கேட்டிருந்தீர்கள். 1.6இல் காற்றை அளப்பது மடல் வைத்த பெட்டி, 1.8இல் சூடான கம்பி. இரண்டின் கம்ப்யூட்டரும் வேறு. 1.6 வயரிங்கை வைத்துக்கொண்டு 1.8ஐ ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், ஓடும். ஆனால் மேல் ஆர்பிஎம்மில் பெட்ரோல் அளவு சரியாக இருக்கிறதா என்று யாரும் உங்களுக்கு உறுதி சொல்ல முடியாது. தனி ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) வாங்கி ட்யூன் செய்யுங்கள். பின்னால் டர்போ வைக்க நினைத்தாலும் அதே ஈசியு உதவும்.

1.6இன் டிஃப் விகிதம் 4.3, 1.8இல் 4.1. பழைய 4.3ஐயே வைத்துக்கொண்டால் கார் துள்ளும் என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அது 6 அங்குலம். 4.1ஐப் போடுங்கள், மோட்டார்வேயில் காதுக்கும் நல்லது.

28 ஏப்ரல்

நாட்டிங்ஹாம் பக்கம் ஒரு 1995 மாடல் 1.8 கிடைத்ததாக எழுதியிருக்கிறார். வாங்குவதற்கு முன் குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதல் நிமிடம் டிக் டிக் என்ற சத்தம் வந்து நின்றால் ஹைட்ராலிக் லிஃப்டர், பயம் வேண்டாம். சூடானபின் அடியிலிருந்து கனமான தட்டல் கேட்டால் விட்டுவிட்டு வாருங்கள். ஆயில் மூடியைத் திறந்து வெண்மையாக ஏதும் இருக்கிறதா பாருங்கள். கம்ப்ரெஷன் மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள், நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும்.

எஞ்சினை இறக்கிய பிறகு, காரில் ஏற்றும் முன்பே வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், முன் பின் ஆயில் சீல், கிளட்ச் ரிலீஸ் பேரிங் நான்கையும் மாற்றுங்கள். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரும் இந்தக் கார்களில் ஒழுகும், அதையும் சேர்த்து ஆர்டர் செய்யுங்கள். கிராங்க் போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து நீங்களே இறுக்குங்கள், வேறு யாரிடமும் விடாதீர்கள். ஹாய்ஸ்ட் வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை என்றால் நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன்.